மெல்லடி: ரமேஷ் கிருஷ்ணனின் ஆட்டமும் ஓர் எட்டடிக் கவிதையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் உரைத் தலைப்பைக் கண்ட நண்பர்கள் சிலர் தொலைபேசியில் அழைத்தனர். "அச்சுப் பிழையா, அம்மா?" என்றே ஒருவர் கேட்டார். சங்க அகப்பாடல்களில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவள், ஆண்டு விழா மேடையில் டென்னிஸ் பற்றிப் பேசுவதாவது என்று அவர் ஐயுற்றதில் வியப்பில்லை. நான் டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டதில்லை. அந்த ஆட்டத்தில் புள்ளிகள் ஏன் பதினைந்து, முப்பது, நாற்பது என்று எண்ணப்படுகின்றன என்று யாரும் என்னைக் கேட்டுவிடாதீர்கள். ஆயினும் இவ்வுரையை நான் ஆற்றியே ஆகவேண்டும். இது ஒரு கடன். யாருக்குப் பட்ட கடன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் ஆண்டு நிறைவின்போது நம் வட்டம் ஒரு கவிதைத் தொகுதி வெளியிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். தேர்வுக் குழுவில் இருந்த மூவரில் நானும் ஒருத்தி. அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு மூத்த உறுப்பினர் எட்டடிக் கவிதை ஒன்று தந்திருந்தார். வீடு மாறிப்போன ஒருவருக்கு வந்து சேர்ந்த கடிதத்தைப் பற்றியது அது. நான் அத்தாளின் ஓரத்தில் "மெல்லிய கவிதை, அழுத்தம் இல்லை" என்று பென்சிலால் எழுதி, வேண்டாதவற்றின் கட்டில் சேர்த்துவிட்டேன். குறிப்பை அழிக்காமலே தாள் அவரிடம் திரும்பிப் போய்விட்டது. அடுத்த மாதக் கூட்டத்தில் அவர் என்னிடம் வந்தார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவரோ சிரித்துக்கொண்டே, "நம்ம ரமேஷ் கிருஷ்ணன் சர்வீஸ் மாதிரி இருக்குன்னு எழுதியிருக்கீங்க அம்மா, எனக்குப் பெருமைதான்" என்றார்.

அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. ரமேஷ் கிருஷ்ணன் ஒரு டென்னிஸ் வீரர் என்ற அளவுக்கு மேல் ஒன்றும் அறியேன். அதையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டேன். மறு கூட்டத்துக்கு வரும்போது அவர் கையில் ஒரு தடித்த குறிப்பேடு இருந்தது. சென்னையில் பணியாற்றிய காலத்தில் ஆங்கில நாளேட்டின் விளையாட்டுப் பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டிய செய்திகள். பழுப்பேறிய தாள்களில் பசை வாடை இன்னும் இருந்தது. "படிச்சுட்டு ஒரு நாள் வட்டத்திலே பேசுங்க" என்றார். நான் படித்தேன், பேசவில்லை. தேர்வுத் தாள், கருத்தரங்கு, குடும்பம் என்று காரணங்களுக்கா பஞ்சம்? இரண்டாண்டுகளுக்கு முன் அவர் மறைந்தார். குறிப்பேடு என்னிடமே தங்கிவிட்டது.

ஆகவே இன்று பேசுகிறேன்.

ரமேஷ் கிருஷ்ணனைப் பற்றிப் பேசத் தொடங்குபவர் அவருடைய தந்தையைப் பற்றிப் பேசாமல் இருக்க இயலாது. தந்தையைப் பேசினால் பாட்டனாரும் வந்துவிடுவார். டி. கே. ராமநாதன் என்ற அப்பெரியவர் தாமும் ஆட்டக்காரர். மகனைத் தாமே பழக்கி உருவாக்கியவர். அம்மகன் ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டனில் சிறுவர் பட்டம் வென்றார். அப்பட்டம் பெற்ற முதல் ஆசியர் அவரே. பின்னர் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் ஆடவர் அரையிறுதிவரை சென்றார். முதலாண்டில் நீல் ஃபிரேசரிடமும் மறு ஆண்டில் ராட் லேவரிடமும் தோற்றார். அவ்விருவருமே அந்தந்த ஆண்டில் பட்டத்தை வென்றவர்கள். 1966-இல் கல்கத்தாவில் பிரேசில் நாட்டுக்கு எதிரான டேவிஸ் கோப்பை அரையிறுதியின் ஐந்தாவது ஆட்டம். தாமஸ் கோக் என்பாரிடம் இரண்டு செட்டுகளுக்கு ஒன்று என்று பின்தங்கி, நான்காம் செட்டிலும் இரண்டுக்கு ஐந்து என்ற நிலையிலிருந்து ராமநாதன் கிருஷ்ணன் மீண்டு வென்றார். இந்தியா முதன்முறையாக அக்கோப்பையின் இறுதிப் போட்டிக்குச் சென்றது அந்த வெற்றியால்தான். மெல்போர்னில் ஆஸ்திரேலியா நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது.

நம் பெரியவரின் குறிப்பேட்டில் இந்தக் கல்கத்தா ஆட்டத்துக்கு மட்டும் வெட்டிய செய்தி இல்லை. அவர் தம் கையெழுத்தில் நினைவிலிருந்து இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். அஞ்சல் துறைக் கையெழுத்து. ஒவ்வோர் எழுத்தும் முத்திரை குத்தியது போல இருக்கும்.

தந்தையின் காலத்தில் டென்னிஸ் உலகு இரண்டாகப் பிரிந்திருந்தது. பணத்துக்கு ஆடுவோர் ஒருபுறம். ஆட்டத்துக்காக ஆடுவோர் மறுபுறம். தொழில்முறை ஆட்டக்காரர் விம்பிள்டன் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. ராமநாதன் கிருஷ்ணனைத் தொழில்முறைக் குழுவுக்கு அழைத்தார்கள், அவர் இசையவில்லை. 1968-இல் அந்தச் சுவர் இடிந்தது. 1973 முதல் கணிப்பொறி ஆட்டக்காரர்களுக்குத் தரவரிசை எண் கொடுக்கத் தொடங்கியது. மகன் ஆட வந்தபோது டென்னிஸ் ஒரு முழுநேரத் தொழில். ஆண்டு முழுவதும் நாடு நாடாகப் பயணம், விடுதி அறை, ஆட்டம், மறுபடி பயணம். உடம்பு சரியில்லாத நாளிலும் கணிப்பொறி கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறிய கலை பழையது. அதை விற்கவேண்டிய சந்தை புதியது. ரமேஷ் கிருஷ்ணனின் வாழ்வில் எனக்குப் படும் முதற் சிக்கல் இதுதான்.

ரமேஷ் 1961 ஜூன் 5-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். பாட்டனாரும் தந்தையும் ஆசிரியர்கள். 1979-இல் பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன் இரண்டிலும் சிறுவர் பட்டத்தை வென்று, உலகச் சிறுவர் வரிசையில் முதலிடம் பெற்றார். தந்தை வென்ற அதே விம்பிள்டன் பட்டம், சரியாக இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து! பதினெட்டு வயதில் ஒருவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமையாது. இதைவிடப் பெரிய சுமையும் அமையாது என்று நான் கருதுகிறேன். புலவர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி அந்த 'சர்வீஸ்' பற்றி. ஆட்டம் அறியாத என்போன்றோருக்காகச் சற்று விளக்குகிறேன். ஒவ்வொரு புள்ளியும் ஒருவர் பந்தை மேலே எறிந்து எதிர்ப்பக்கம் அடிப்பதில் தொடங்குகிறது. அந்த ஓர் அடியில் மட்டுமே எதிரியின் குறுக்கீடு கிடையாது. பந்து தன் கையில், நேரம் தன் வசம், உயரத்திலிருந்து முழு வலுவையும் இறக்கலாம். உடல் வலிவு மிக்கவர்கள் அந்த ஓர் அடியிலேயே புள்ளியை முடித்துவிடுவார்கள். எதிரியின் மட்டை பந்தைத் தொடவே தொடாது. நம் கவியரங்க மொழியில் சொன்னால், எழுந்தவுடன் முதலடியிலேயே கைதட்டல் வாங்கிவிடும் கவிஞர் அவர்.

ரமேஷின் சர்வீஸ் மிக மென்மையானது. உலகத் தரத்தில் ஆடியோருள் அத்தனை மென்மையாகப் பந்தைத் தொடங்கி வைத்தவர் அரியர். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஒரு மரியாதை என்ற அளவில்தான் அது இருந்தது. முதல் அடியால் எதுவும் கிடைக்காது என்னும்போது, ஒவ்வொரு புள்ளியையும் மூன்று, ஐந்து, ஏழு என்று அடிகளை அடுக்கித்தான் ஈட்டவேண்டும். வலியவர் ஒரே மூச்சில் சம்பாதிப்பதை இவர் காசு காசாகச் சேர்க்க வேண்டும். அதுவும் ஐந்து செட் ஆட்டத்தில், வெயிலில்.

ஈடாக அவரிடம் இருந்தவை மூன்று. ஒன்று, பந்து தரையிலிருந்து எழும்போதே, உச்சிக்கு வருமுன்னரே சந்தித்துவிடும் கண். இதனால் எதிரிக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்காது. வேகமாக அடிக்காமலே வேகம் உண்டாகிவிடும். இரண்டு, எதிரி அனுப்பிய விசையையே வாங்கி, மட்டையின் முகத்தைச் சற்றே திருப்பி, வேண்டிய மூலைக்கு அனுப்பும் மணிக்கட்டு. மூன்றாவதாக, எதிரி முன்னே வந்தால் தலைக்குமேல் உயர்த்தி அனுப்புவதும், பின்னே நின்றால் வலையை ஒட்டி இறக்கி வைப்பதும். ஆங்கிலத்தில் இதனை 'டச்' என்பர். தொடுகை. தந்தையைப் பற்றி எழுதியவர்களும் இச்சொல்லையே எழுதினர். மகனைப் பற்றி எழுதியவர்களும் இதையே எழுதினர். தந்தையும் மகனும் நிர்மல் சேகருடன் சேர்ந்து 1999-இல் வெளியிட்ட நூலின் ஆங்கிலத் தலைப்பிலும் இச்சொல் இருக்கிறது.

நான் என் துறைக்குள் ஓர் அடி எடுத்து வைக்க அனுமதிக்க வேண்டுகிறேன். தொல்காப்பியர் செய்யுளியலில் எட்டு வனப்புகளைக் கூறுகிறார். அவற்றுள் முதலாவது 'அம்மை'. சிலவாகிய, மெல்லிய சொற்களால், அடி பெருகாமல் அமைவது அது. 'தோல்' என்று மற்றொன்று. பரந்த மொழியால் அடி நீண்டு நடப்பது அதன் ஒரு வகை. இரண்டையும் ஒரே பட்டியலில் வனப்பு என்று வைத்தாரே தவிர, ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று அவர் சொல்லவில்லை. வகுப்பறையில் இதைப் பல ஆண்டுகள் நடத்தியவள் நான். ஆயினும் ஓர் எட்டடிக் கவிதை கைக்கு வந்தபோது, 'அம்மை'யைத் 'தோல்' அளவுகோலால் அளந்துவிட்டேன். 'அடி' என்ற சொல் ஆட்டத்துக்கும் யாப்புக்கும் பொதுவாக அமைந்தது நம் மொழியின் கொடை. பெரியவர் அதை வைத்து என்னைச் சிலேடையாகவும் கேலி செய்வார்.

ரமேஷின் காலத்துக்கு வருவோம். அவர் ஆட வந்த வேளையில் மட்டையே மாறிக்கொண்டிருந்தது. மரமட்டையின் முகம் சிறியது. நடுவில் உள்ள சிறு பரப்பில் பந்து பட்டால்தான் அடி செல்லுபடியாகும். ஓங்கி அடித்தால் குறி தப்பும். ஆகவே மரமட்டைக் காலத்தில் நுட்பத்துக்கு விலை இருந்தது. 1980-களில் கிராஃபைட் மட்டை பரவியது. எடை குறைவு, முகம் பெரிது, விறைப்பு மிகுதி. முன்பு தவறாகப் போயிருக்கக்கூடிய ஓங்கிய அடிகளெல்லாம் இப்போது கோட்டுக்குள் விழத் தொடங்கின. ஒலிபெருக்கி வந்தபின் மேடைப் பேச்சுக்கு நேர்ந்ததை இதனோடு ஒப்பிடலாமோ என்று தோன்றுகிறது. ஒப்புமை முற்றும் பொருந்தாது, விட்டுவிடுகிறேன்.

மென்மையான கலையைப் பயின்று முடித்த வேளையில் உலகமே வலிமையின் பக்கம் சாய்ந்தது. இந்தச் சூழலில் ரமேஷ் என்ன செய்தார் என்பதற்கு மூன்று கால் இறுதிகள் சான்று. 1981 அமெரிக்க ஓப்பன். இருபது வயது. எதிரே ஜான் மெக்கன்ரோ. முதல் செட்டை ரமேஷ் எடுத்துக்கொண்டார். இரண்டாம் செட்டும் ஏழுக்கு ஆறு என்ற நூலிழையில்தான் போயிற்று. அடுத்த இரண்டு செட்டுகளில் மெக்கன்ரோ மேலேறி வென்றார். பட்டத்தையும் அவரே வென்றார். 1986 விம்பிள்டன். எதிரே யுகோஸ்லாவியாவின் ஸ்லோபோடான் ஜிவோஜினோவிச். பெயரைச் சொல்லவே மூச்சு வாங்குகிறது; அவருடைய சர்வீஸ் அதைவிடக் கடுமையானது. இடி போல் இறக்குபவர். மெல்லடியும் பேரடியும் நேருக்கு நேர் நின்ற ஆட்டம் அது. ரமேஷ் ஒரு செட் எடுத்தார், ஆட்டம் போயிற்று. 1987-இல் மீண்டும் அமெரிக்க ஓப்பன் கால் இறுதி. ஸ்டீஃபன் எட்பெர்க் மூன்று செட்டுகளையும் ஆறுக்கு இரண்டு என்றே வென்றார்.

இந்த மூன்றாவது கணக்கைக் குறிப்பேட்டில் பெரியவர் ஒட்டவில்லை. நான்தான் பிறகு தேடிக் கண்டேன். அன்புள்ளவர்கள் செய்யும் தணிக்கை அது. மதிப்புரை எழுதும் நாம் எல்லோரும் இதைச் செய்கிறோம் என்பதால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அதே 1987-இல்தான் சிட்னி நடந்தது. டேவிஸ் கோப்பை அக்காலத்தில் மூன்று நாள் போர். முதல் நாள் ஒற்றையர் ஆட்டம் இரண்டு, மறுநாள் இரட்டையர், கடைசி நாள் மீண்டும் ஒற்றையர் இரண்டு. இருபுறமும் இரண்டிரண்டு என்று நின்றுவிட்டால், ஐந்தாவது ஆட்டத்தில் ஒரு நாடு முழுவதும் ஒரு தனிமனிதனின் மணிக்கட்டில் வந்து தங்கிவிடும். ஆஸ்திரேலியாவின் மண்ணில், அவர்கள் பிறந்தது முதல் மிதித்துப் பழகிய புல்தரையில், அரையிறுதி அந்த நிலைக்கு வந்தது. விஜய் அமிர்தராஜ் அணித்தலைவர். ரமேஷ் ஏற்கெனவே ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டை வென்றிருந்தார். ஐந்தாவது ஆட்டத்தில் வாலி மசூரை நேர் செட்டுகளில் வென்றார். தந்தை கல்கத்தாவில் ஐந்தாவது ஆட்டத்தை வென்ற இருபத்தோராவது ஆண்டில், மகன் சிட்னியில் ஐந்தாவது ஆட்டத்தை வென்று இந்தியாவை இறுதிப் போட்டிக்கு அழைத்துச் சென்றார்.

புல்தரையில் பந்து எழும்பாது. வழுக்கிக்கொண்டு தாழ்ந்து வரும். ரமேஷின் தாழ்ந்த, தட்டையான அடிகளுக்கு அது தாய்வீடு. சுவீடன் இறுதிப் போட்டியைக் கோத்தன்பர்க் நகரில், உள்ளரங்கில், களிமண் தரையில் நடத்தியது. களிமண்ணில் பந்து மெல்ல எழும். எதிரிக்கு வேண்டிய நேரம் கிடைக்கும். இந்தியா ஐந்துக்குப் பூச்சியம் என்று தோற்றது. போட்டியை நடத்தும் நாடு தனக்கேற்ற தரையைத் தேர்ந்துகொள்வது அங்கு முறைதான். சிறு விசையை நம்பி வாழும் கலைக்கு நிலம் முக்கியம் என்பதை இங்கே காண்கிறோம். திணை மாறினால் உரிப்பொருள் மயங்கும் என்று அகப்பொருள் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பதினான்கு மாதங்கள்கூட ஆகவில்லை, 1989 சனவரி. மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன் இரண்டாம் சுற்று. எதிரே மாட்ஸ் விலாண்டர். 1988-இல் நான்கு பெரும் பட்டங்களுள் மூன்றை வென்றவர். அப்போதைய உலக முதல்வர். அப்பட்டத்தின் நடப்பு வெற்றியாளர். கோத்தன்பர்க்கில் களிமண்ணில் இந்தியாவைத் தோற்கடித்த சுவீடன் அணியின் தூண். ரமேஷ் அவரை ஆறுக்கு மூன்று, ஆறுக்கு இரண்டு, ஏழுக்கு ஆறு என்று நேர் செட்டுகளில் வென்றார். குறிப்பேட்டில் இந்தச் செய்தி இரண்டு முறை ஒட்டப்பட்டிருக்கிறது. வெவ்வேறு நாளேடு; ஒரே செய்தி.

இந்த வெற்றியை ஒரு நாளைய அதிர்ஷ்டம் என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலாண்டர் ஓங்கி அடித்து முடிப்பவர் அல்லர். பின்கோட்டில் நின்று பொறுமையாகப் பந்தைத் திருப்பிக்கொண்டே இருந்து எதிரியைப் பிழை செய்ய வைப்பவர். அவரோடு உரையாடல் சாத்தியம். ஜிவோஜினோவிச்சோடு உரையாடலே கிடையாது. பேச இடம் கொடுத்த இடத்தில் ரமேஷ் உலக முதல்வரையும் வென்றார். பேசவே விடாதவரிடம் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்வின் உயரமும் எல்லையும் ஒரே குணத்திலிருந்து பிறந்தவை என்பதே என் கருத்து.

இப்போது அந்தப் பழைய பேச்சு: "அவருக்கு மட்டும் நல்ல சர்வீஸ் இருந்திருந்தால்!" டென்னிஸ் அறிந்தவர்கள் ரமேஷ் பெயரைச் சொன்னதும் பெருமூச்சோடு சொல்வது இது. நம் பெரியவருக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். "குயிலுக்குத் தோகை இல்லையேன்னு அழற கூட்டம்" என்பார். மென்மைதான் உயர்ந்த கலை, வலிமையெல்லாம் முரட்டுத்தனம் என்பது அவர் கட்சி.

இவ்விடத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. அவர் உயிரோடிருக்கையில் சொல்லாததை இப்போது சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். ரமேஷ் கிருஷ்ணன் பெரும் பட்டங்களில் கால் இறுதியைத் தாண்டியதில்லை. தரவரிசையில் அவர் எட்டிய உச்சம் 1985-இல் இருபத்து மூன்று. மணிலா, ஸ்டுட்கார்ட், மெட்ஸ், டோக்கியோ, ஹாங்காங், வெலிங்டன், ஆக்லாந்து, ஸ்கெனெக்டடி என்று எட்டு ஊர்களில் ஒற்றையர் பட்டம் வென்றார். இது நல்ல, உழைத்துச் சேர்த்த வாழ்வு. இதை மாவீரர் காப்பியமாக்கினால் அவருக்கே அது பொருந்தாது. சர்வீஸ் ஒரு குறைதான். அந்தக் குறையை அவரே எல்லோரையும்விட நன்கு அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் எதிரிகள் அவருக்கு அதை நினைவூட்டினார்கள். அவர் அதைக் கொள்கையாக அலங்கரிக்கவில்லை என்பதே எனக்கு அவரிடம் பிடித்தது. மீதியிருந்த ஒவ்வொன்றையும் கூர்மையாக்கி, பதினைந்தாண்டுக்குக் குறையாமல் உலக அரங்கில் நின்றார்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் வட்டத்தில் 'மென்மை' என்ற சொல் அண்மையில் ஒரு போர்வையாகிவிட்டது. "என் கவிதை மென்மையானது, அதனால்தான் எடுபடவில்லை" என்று சொல்லிக்கொண்டு வருபவர் மாதத்துக்கு ஒருவராவது உண்டு. மெதுவாக அடித்த பந்து நடுத் திடலில் விழுந்தால் அது மென்மை ஆகாது. அது வெறும் மோசமான பந்து. எதிரி ஓடிவந்து அடித்துத் தீர்த்துவிடுவான். கோட்டின் விளிம்பில், ஒரு விரற்கடை உள்ளே விழும்போதுதான் அதற்குத் தொடுகை என்று பெயர். விசை குறையக் குறைய, விழுமிடம் பற்றிய கணக்குக் கூடியாக வேண்டும். பேரடிக்காரர் சற்றுக் குறி தப்பினாலும் வேகம் காப்பாற்றும். மெல்லடிக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. எட்டடியில் எழுதுபவருக்கு ஓர் அசைகூட வீணாக்க உரிமை இல்லை. உறவுக்காரர் கல்யாணத்தில் போல நான் சற்றுக் கண்டிப்பாகப் பேசிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் நம் வட்டத்தில் பத்தாண்டுக் குடும்பத்தாள்.

அந்த அளவுகோலோடு, பெரியவர் மறைந்த பின் அவருடைய எட்டடிகளை மறுபடி எடுத்துப் படித்தேன். பந்து எங்கே விழுந்திருக்கிறது என்று தேடினேன். முதல் ஐந்து அடிகளில் அஞ்சற்காரர் கதவைத் தட்டுகிறார். புதிதாகக் குடிவந்தவர் தெரியாது என்கிறார். கடிதத்தைத் திருப்பிப் பார்க்கிறார். ஆறாம் அடியில், உறையின் பின்புறம் அனுப்பியவர் முகவரி இல்லை என்ற செய்தி, வேறு எதையோ சொல்வதுபோல் வந்துவிட்டுப் போகிறது. அதாவது அந்தக் கடிதத்துக்கு இனிச் சேருமிடமும் இல்லை, திரும்புமிடமும் இல்லை. கவிதை அதைச் சொல்லவில்லை. துயரம், தனிமை என்ற சொற்கள் எங்கும் இல்லை. ஏழும் எட்டும் அஞ்சற்காரர் அடுத்த வீட்டுக்குப் போவதைச் சொல்கின்றன. இறைச்சி பற்றி ஆய்வேடு எழுதியவளுக்கு இது கண்ணில் படவில்லை. பந்து கோட்டின்மேல் விழுந்திருந்தது. நான் ஓசை கேட்கவில்லையே என்று வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எஞ்சியதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ரமேஷ், தம்மினும் பன்னிரண்டு வயது இளையவரான லியாண்டர் பயஸுடன் இரட்டையர் ஆடிக் கால் இறுதிக்கு வந்தார். அவ்வாண்டு அரையிறுதியில் தோற்கும் இரு அணிகளுக்குமே வெண்கலம். இன்னும் ஓர் ஆட்டம் வென்றிருந்தால் பதக்கம். குரோஷிய இணையிடம் அது போயிற்று. நான்காண்டு கழித்து அட்லாண்டாவில் பயஸ் ஒற்றையரில் வெண்கலம் வென்றது நீங்கள் அறிந்ததே.

1993 ஜூலை, பிரான்ஸ் நாட்டின் ஃபிரேஜு நகரம். டேவிஸ் கோப்பைக் கால் இறுதி. இரண்டாண்டுகளுக்கு முன்னர்தான் கோப்பையை வென்றிருந்த நாடு பிரான்ஸ், தரையோ களிமண், ரமேஷின் தாழ்ந்த பந்துக்குத் துணை நிற்காத அதே தரை. இருபது வயதுப் பயஸ் தம் ஒற்றையர் ஆட்டங்கள் இரண்டையும் வென்று இரண்டுக்கு இரண்டு என்று கொண்டுவந்து நிறுத்தினார். மறுபடியும் ஐந்தாவது ஆட்டம். ரமேஷுக்கு வயது முப்பத்திரண்டு. ஆட்ட வாழ்வின் கடைசி ஆண்டு. எதிரே ரோடோல்ஃப் கில்பர்ட். ரமேஷ் வென்றார். ஆறாண்டுகளுக்கு முன் கோத்தன்பர்க்கில் களிமண் பறித்துக்கொண்டதை, விடைபெறும் வேளையில் இன்னொரு களிமண் திருப்பித் தந்தது. அவ்வாண்டே அவர் ஓய்வு பெற்றார். 1998-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சென்னையில் தந்தையும் மகனுமாகச் சிறுவர்களுக்கு ஆட்டம் கற்பித்தார்கள்.

குறிப்பேட்டின் கடைசி ஒட்டல் ஃபிரேஜுதான். அதற்குப் பிறகு வெற்றுப் பக்கங்கள் நாற்பதுக்குமேல் இருக்கின்றன.

பெரியவரின் குடும்பத்தாரிடம் ஒப்புதல் பெற்று, அந்த எட்டடிக் கவிதையை மலர்க்குழுவிடம் ஒப்படைத்திருக்கிறேன். என் பென்சில் குறிப்பு இருக்கும் தாளின் படியையே கொடுத்திருக்கிறேன், அழிக்கவில்லை. குறிப்பையும் சேர்த்து அச்சிடுவதா, கவிதையை மட்டும் அச்சிடுவதா என்பதைப் பதிப்பாசிரியரின் முடிவுக்கு விட்டுவிட்டேன்.